கல்லான மரமும் காலி பங்களாவும்

யாத்திரை போகிறவர்களில் போன இடத்தில் இரவு தங்குகிறவர்கள் உண்டு, தங்காதவர்களும் உண்டு. தங்காதவர்கள் விடியற்காலை நாலு மணிக்குக் காரில் ஏறி, ஒரே பகலில் மூன்று கோயில், ஒரு கோட்டை, ஓர் அணைக்கட்டு ஆகிய அனைத்தையும் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்கு வீடு திரும்பிவிடுவார்கள். மறுநாள் எந்தக் கோயிலில் எந்த அம்மனைத் தரிசித்தோம் என்று வீட்டில் வாதம் நடக்கும். நானும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாகவே நெடுங்காலம் இருந்து வந்தேன். சென்ற பொங்கல் விடுமுறையில் பெரம்பலூர்ப் பக்கத்தில் ஓர் இரவு தங்கினோம். அந்த ஓர் இரவைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

என் தாயாருக்குச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனிடம் பழைய பிரார்த்தனை ஒன்று பாக்கி இருந்தது. அந்த அம்மன் கோயில் வாரத்தில் திங்கள், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில்தான் வழக்கமாகத் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் சேருமுன் சந்நிதியில் நிற்க வேண்டும் என்று தாயார் சொன்னாள். ஆகவே, வியாழக்கிழமை மத்தியானமே புறப்பட்டுப் போய்ச் சேருவது என்று தீர்மானமாயிற்று. நான், என் மனைவி, தாயார், பத்து வயதுப் பையன் ஆக நாலு பேர். தங்குவதற்கு எங்கே ஜாகை? சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் உறவினர் ஒருவர் அனுமதிக் கடிதம் வாங்கித் தந்தார்.

நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, புளிய மரங்களுக்கு நடுவே அந்தப் பழைய பயணியர் விடுதி இருக்கிறது. வயதானவர்கள் அதை இன்னமும் ‘முசாபரி பங்களா’ என்றுதான் சொல்லுகிறார்கள். அதன் இடத்தையும், பராமரிக்கும் இலாகாவின் பெயரையும் நான் வெளியிடப் போவதில்லை. சில குறைகளைச் சொல்ல இருக்கிறேன். அனுமதிக் கடிதம் வாங்கித் தந்த உறவினருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

சுவர்கள் இரண்டடி கனம். கூரை எவ்வளவு உயரம் என்றால், அங்கே குடியிருந்த வௌவாலுக்கும் எங்களுக்கும் இரவு முழுவதும் ஒருவரால் ஒருவருக்கு யாதொரு தொந்தரவும் ஏற்படவில்லை. பங்கா தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள் உத்தரத்தில் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் மின்சார விசிறி ஒன்று முனகிக் கொண்டே சுற்றுகிறது. தாழ்வாரத்தில் நீண்ட கைகள் உள்ள சாய்வு நாற்காலி இரண்டு. துரைமார்கள் பூட்ஸ் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்வதற்காகச் செய்த கைகள் அவை. குளிக்கும் அறை படுக்கையறையைவிடப் பெரிது. குழாயைத் திறந்தால் முதலில் ஒரு இருமல், பிறகு செம்மண் நிறத்தில் ஒரு கரண்டித் தண்ணீர், அப்புறம் நெடிய மௌனம். சமையற்கட்டோ முப்பது அடி தள்ளித் தனியாக நிற்கிறது. “இந்த வீட்டைக் கட்டினவனுக்குத் தாளிக்கிற வாசனை ஆகாது போலிருக்கிறது” என்றாள் என் தாயார்.

காவற்காரர் ஒரு முதியவர். “ஐயா, ராத்திரி வெளியில போறதா இருந்தா டார்ச்சு எடுத்துக்குங்க. பூச்சி பொட்டு இருக்கும்” என்று சொல்லிவிட்டு, நாங்கள் கேளாமலே ஒரு பானைத் தண்ணீரைக் கொண்டு வந்து வைத்தார். அவருடைய மனைவி அன்றிரவு செய்து கொடுத்த சின்ன வெங்காயக் காரக்குழம்பைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். சின்ன வெங்காயம் இந்த ஜில்லாவின் செல்வம். தமிழ்நாட்டில் அது மிகுதியாக விளையும் இடங்களில் பெரம்பலூர் முன் வரிசையில் நிற்பது. பட்டணத்தில் நாம் உரித்துக் கண்ணீர் விடும் வெங்காயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வெள்ளைக்காரர்கள் ஆட்சியில் இத்தகைய பங்களாக்கள் பெரிய சாலைகளில் ஒரு நாள் பயணத் தூரத்துக்கு ஒன்றாக எழுந்தன. தபாலும் உத்தியோகஸ்தர்களும் போகும் வழி அது. 24 மணி நேரம் தங்கியவர், புதிதாக ஒருவர் வந்தால் இடம் விட வேண்டும் என்று பல இடங்களில் விதி. நம்மவர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டுவது அபூர்வம். அவர்களுக்குச் சத்திரம் இருந்தது. 1689 முதல் 1706 வரையில் மதுரை ராஜ்யத்தை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்த புகழ் நேயர்கள் அறிந்ததே. தஞ்சை மராட்டிய மன்னர்களின் சத்திரங்களில் யாத்ரீகர்களுக்கு அன்னமும் இடமும் இனாமாகவே கிடைத்தன. பங்களாவில் ரூபாய் கொடுத்தால்தான் கோழி. இரண்டில் எது உயர்ந்த நாகரிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சத்திரத்தில் தங்கியவன் ராமேசுவரத்தையே நினைத்துக்கொண்டு படுத்தான். விடிந்ததும் நடையைக் கட்டினான். அந்நியனோ, வந்த இடத்தைப் பார்ப்பதற்காகவே தங்கினான். பங்களா இருந்தால் பங்களாவில், இல்லாவிட்டால் கூடாரத்தில். ஹென்றி பிளான்போர்டு என்னும் நிலவியலார் 1857 முதல் 1860 வரையில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் இந்தப் பகுதியைச் சல்லடை போட்டு ஆராய்ந்தார். இவ்விடத்துப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களாலேயே அவர்கள் பிரித்தார்கள். பெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா என்பவர் 1863 முதல் 1873 வரையில் இங்கே கிடைத்த கடற்பிராணிகளின் கற்சின்னங்களை வர்ணித்துப் பெரிய பெரிய புஸ்தகங்கள் வெளியிட்டார். ஊட்டத்தூர் என்றால் உலகத்து நிலவியல் பண்டிதர்களுக்கெல்லாம் தெரியும். திருச்சியில் பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851-ல் ஏற்பட்டது. அதன் தலைமைப் பதவிக்கு ஓர் இந்தியர் வந்தது 1951-ல். சரியாக நூறு வருஷம்! அப்படி வந்தவர் தஞ்சை ஜில்லாவில் பிறந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். அவர்தான் 1940-ல், சாத்தனூரில் கிடக்கும் கல் மரத்தைக் கண்டு உலகத்துக்கு அறிவித்தவர்.

வியாழக்கிழமை மாலை மூன்று மணிக்கு அந்த மரத்தைப் பார்க்கப் போனோம். வேலிக்குள், ஓடை ஓரத்தில், 18 மீட்டர் நீளத்துக்கு அது படுத்துக் கிடக்கிறது. வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகள் என்று சொல்லப்படுகிறது. பூக்கும் மரங்கள் உலகில் பெருகுவதற்கு முன் ஆட்சி செலுத்திய ஊசியிலை மர இனம். அப்போது இந்தப் பிரதேசம் ஆழமில்லாத கடல். எங்கோ கரையில் நின்ற மரம் ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்தது. உளுத்துப் போவதற்குள், நீரில் கரைந்திருந்த சிலிக்கா அணு அணுவாக உள்ளே புகுந்து மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மரம் போய்விட்டது, மரத்தின் உருவம் மட்டும் கல்லில் நின்றுவிட்டது. பட்டையின் வரிகளைக் கூடத் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும், தொடக் கூடாது.

நாங்கள் அங்கே இருந்த முக்கால் மணி நேரத்தில் மூன்று கார்கள் வந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்தாறு பேர் இறங்கினார்கள், கைபேசியில் படம் எடுத்தார்கள், “இவ்வளவுதானா?” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு யோக்கியதை இல்லை. மறுநாள் தரிசனம் மட்டும் இல்லாதிருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். பத்து நிமிஷத்தில் 12 கோடி ஆண்டு யாருடைய மண்டையில் ஏறும்?

அங்கிருந்து காரை என்ற ஊருக்குப் போனோம். காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையே உள்ள நிலத்தைப் பாலைவனம் என்று சொல்வது சாஸ்திரப்படி பிசகு. மழை பெய்யத்தான் பெய்கிறது. ஆனால் அந்தக் களிமண் மழையில் வீங்கும், வெயிலில் வெடிக்கும். ஒரு செடியைக் கூட வேரூன்ற விடாது. மழைநீர் அறுத்து அறுத்து, ஆயிரம் வரப்புகளும் பள்ளங்களுமாகச் செய்து வைத்திருக்கிறது. மஞ்சளும் பழுப்பும் சாம்பலுமான மண்மேடுகள். இடையிடையே ஜிப்சம் கண்ணாடிச் சில்லுகள் போல் சாயங்கால வெயிலில் பளிச்சிடுகிறது. பச்சை வயலிலிருந்து நூறு தப்படி நடந்தால் வேறு கிரகத்துக்கு வந்துவிட்டாற்போல் இருக்கிறது.

காலடியில் எங்கும் கடல். துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற பெலம்னைட்டுகள் (கணவாய் மீனின் பூர்விக உறவினருடைய உடலுக்குள் இருந்த முள் அது), சிப்பிகள், சுருள் சுருளான அம்மோனைட்டுகள். சுறாவின் பல் கூட இங்கே அகப்பட்டிருக்கிறது. அருகே கருடமங்கலத்தில் சிப்பிகளே இறுகிச் சேர்ந்த ஒரு கல் உண்டு; ‘திருச்சிராப்பள்ளி சலவைக் கல்’ என்ற பெயரில் அதை மெருகேற்றி அலங்காரப் பொருள்களாகச் செய்தார்கள்.

அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1980-களில் நம் நிலவியலார் இருவர் ‘ப்ருஹத்காயோசரஸ்’ என்று நாமகரணம் செய்தார்கள் என்று பையனுக்கு விளக்கிக் கொண்டிருந்தேன். “என்னது, பெருங்காயமா?” என்றாள் தாயார். காயம் என்றால் உடல், பெரிய உடல் என்று பொருள் கூறினேன். உலகத்தின் மிகப் பெரிய பிராணிகளில் ஒன்றாக இருக்கலாம் என்று அதைப் பற்றி இன்னமும் சர்ச்சை நடக்கிறது. சர்ச்சை தீர வழியில்லை. ஏனெனில் அந்த எலும்புகள் பின்னால் பொடிப் பொடியாக உதிர்ந்து போய்விட்டன. மிஞ்சியவை படங்களும் வர்ணனையுமே. இதற்கு நேர்மாறாக, 2020-ல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது டைனோசர் முட்டை என்று நாடெங்கும் வதந்தி பரவியது. அவை வெறும் கல்லுருண்டைகளே என்று நிலவியலார் சொல்ல நேர்ந்தது. உள்ளதை உதிர விடுகிறோம். இல்லாததற்குக் கூட்டம் கூடுகிறோம்.

இருட்டும் வேளையில் பங்களாவுக்குத் திரும்பினோம். சாப்பாடு ஆன பிறகு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, பையனுடைய கால்சட்டைப் பை ஒரு பக்கமாகத் தொங்குவதை என் மனைவி கவனித்தாள். “என்னடா அது?” என்றாள். அவன் பதில் சொல்லவில்லை. வெளியே எடுத்துத் தரையில் வைத்தான். உள்ளங்கை அகலத்தில் ஓர் அம்மோனைட்டு. ஆட்டுக் கடாவின் கொம்பைப் போல் சுருண்டது. ஒரு வரி கூடச் சிதையாதது.

என் தாயார் அதைக் கையில் எடுத்தாள். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “இது சாளக்கிராமம்டா” என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. நம் வீட்டுப் பூஜைப் பெட்டியில் இருக்கும் சாளக்கிராமமும் இந்த ஜாதிப் பிராணியின் சுவடுதான்; நேபாளத்துக் கண்டகி நதியில் அடித்து வருவது, இதைவிடப் பழையது. “அப்படியானால் வீட்டுக்குக் கொண்டு போய்ப் பூஜையில் வைக்கலாமா, பாட்டி?” என்று பையன் மெதுவாகக் கேட்டான். தாயார் என் முகத்தைப் பார்த்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் கொண்டு போக ஆசைதான். வேலி இல்லாத இடம், ஆயிரம் கிடக்கிறது, ஒன்று போனால் என்ன?

அப்போது எனக்கு என் மைத்துனன் சொன்ன ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் அரிசோனா ராஜ்யத்தில், வர்ணப் பாலைவனம் என்ற இடத்தை ஒட்டிக் கல் மரக் காடு ஒன்று இருக்கிறது. சாத்தனூர் மரத்தைப் போல் ஆயிரக்கணக்கான மரங்கள், 20 கோடி ஆண்டுக்கும் முற்பட்டவை, வெட்டவெளியில் கிடக்கின்றன. 1906-ல் அதைத் தேசியச் சின்னமாக்கிக் காப்பாற்றினார்கள். 1962-ல் அது தேசியப் பூங்காவாயிற்று. அந்தப் பாலைவனத்தின் விளிம்பில் ஹெர்பர்ட் லோர் என்பவர் 1920-களில் ஒரு விடுதி கட்டினார். எதைக் கொண்டு? அந்தக் கல் மரத்தைக் கொண்டேதான்! ‘கல் மர வீடு’ என்றே அதை அழைத்தார்கள். 1930-களில் சர்க்கார் அதை வாங்கி, வேலையில்லாதிருந்த வாலிபர்களைக் கொண்டு புதுப்பித்தது. 1940-களின் கடைசியில் பிரெட் கபோட்டி என்ற ஹோப்பி இனத்துச் சித்திரக்காரர் அதன் சுவர்களில் தம் ஜனங்களின் கதைகளைத் தீட்டினார். 1963-ல் விடுதி மூடப்பட்டது. இடித்துவிடத் திட்டமும் போட்டார்கள். ஜனங்கள் விடவில்லை. 1987-ல் அதுவே தேசியச் சின்னமாகி, இன்று காட்சிசாலையாக நிற்கிறது.

ஆனால் பையனிடம் நான் சொன்னது விடுதிக் கதை அல்ல. அந்தப் பூங்காவிலிருந்து கல் மரத் துண்டை எடுத்துப் போனவர்களில் பலர், சில மாதமோ பல வருஷமோ கழித்து, மனம் உறுத்தித் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். மன்னிப்புக் கடிதமும் கூடவே வருகிறது. எடுத்த நாளிலிருந்து வீட்டில் ஒன்றும் சரியில்லை என்று கூடச் சிலர் எழுதுகிறார்கள். பூங்காக்காரர்கள் அந்தக் கற்களைத் திரும்பக் காட்டில் போடுவதில்லை. எந்தக் கல் எங்கே கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? இடம் தெரியாத கல்லைக் கண்ட இடத்தில் போட்டால் ஆராய்ச்சியே குழம்பிவிடும். ஆகையால் சாலை ஓரத்தில் ஒரு குவியலாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். ‘மனச்சாட்சிக் குவியல்’ என்று அதற்குப் பெயர்.

பையன் கேட்டான்: “அந்தக் கல்லெல்லாம் இனிமேல் அதது இடத்துக்குப் போகவே முடியாதா, அப்பா?”

“முடியாது.”

“எனக்கு இடம் தெரியும்” என்றான்.

காலையில் அம்மன் சந்நிதி. கூட்டம் சேருமுன் போக வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை ஏற்பாடும்! காரைக்குப் போய்த் திரும்பினால் வெயில் ஏறிவிடும், வரிசை நீண்டுவிடும். நான் வாயைத் திறக்குமுன் தாயாரே சொல்லிவிட்டாள்: “பிறத்தியார் பொருளை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நான் நிற்க மாட்டேன். முதலில் கல்லைக் கொண்டு போய் வையுங்கள்.”

விடியுமுன் எழுந்தோம். காவற்காரர் தேநீர் போட்டுத் தந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். “வர்றவங்க மூட்டை கட்டிக்கிட்டுப் போறாங்க, ஐயா. திருப்பி வைக்கப் போறவங்கள இப்பத்தான் பாக்கறேன்” என்றார். வருகைப் புஸ்தகத்தைப் புரட்டினேன். அனேகமாக எல்லாம் உத்தியோகஸ்தர்களின் பெயர்கள். வந்த காரியம் என்ற பத்தியில் ‘ஆய்வு’, ‘ஆய்வு’, ‘ஆய்வு’. கல் மரம் பார்க்க வந்ததாகக் கடைசி இரண்டு வருஷத்தில் ஒரே ஒருவர் எழுதியிருக்கிறார். குடும்பத்தோடு வந்து தங்கலாம் என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அந்தக் குழாயின் இருமலைக் கேட்டு ஓடிவிடுவார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கூரை உறுதியாக இருக்கிறது, வெங்காயக் குழம்பு வைக்கத் தெரிந்த ஓர் அம்மாள் இருக்கிறாள். பாக்கி வேண்டியது ஒரு குழாய் மிஸ்திரியும், வாசலில் ஒரு பலகையுமே. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்று அருங்காட்சியகம் கட்டியிருக்கும் சர்க்காருக்கு இது பெரிய காரியமா? பக்கத்திலேயே ஜனங்கள் வந்து தங்கிக் கொண்டிருந்தால், மூட்டை கட்டுகிறவன் கொஞ்சம் யோசிப்பான் அல்லவா?

காரைப் பள்ளங்களில் பையன் முன்னால் நடந்தான். மேடுகள் எல்லாம் என் கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்தன. இரண்டு முறை வழி தவறினான். மூன்றாவது பள்ளத்தில் குனிந்து உட்கார்ந்தான். காய்ந்த களிமண்ணில் வட்டமாக ஒரு குழி. அதன் அடியில் சுருளின் வரிகள் அச்சடித்தாற்போல் பதிந்திருந்தன. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வரியோடு வரி பொருந்தும்படி வைத்தான். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தவன், பாடாலூர் வரும் வரையில் எங்கள் ஒருவரோடும் பேசவில்லை.

போக விரும்பும் நேயர்களுக்கு: கோடையில் போக வேண்டாம். காரைக்குக் காலை எட்டு மணிக்கு முன்போ, மாலை நாலு மணிக்குப் பின்போ போவது நலம். நிழல் என்பது அங்கே மருந்துக்கும் கிடையாது. மழை பெய்த மறுநாள் போனால் களிமண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். குடிதண்ணீர் கையோடு கொண்டு போங்கள். தங்குவதற்கு அனுமதிக் கடிதம் இரண்டு வாரம் முந்தி எழுதிக் கேட்க வேண்டும். அதிகாரிகள் வந்துவிட்டால் இடம் கிடைக்காது.

சிறுவாச்சூர்க் கோயிலில் அன்று இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம்.